மனிதர்களையும் சமூகத்தையும் பற்றி இலவச ஆன்லைன் கோர்ஸ்களில் படிப்பது எப்படி: கேள்வியில் தொடங்கி நோட்டு வரை

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸ் தளத்தில் 2012 முதல் 2018 வரை நடத்திய கோர்ஸ்களின் பதிவுகளை அலசி 2019-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. பெயர் கொடுத்தவர்களில் 52 சதவீதம் பேர் பாடப் பக்கத்துக்குள் ஒரு முறைகூட நுழையவில்லை. 2017-18-ல் பெயர் கொடுத்து கடைசி வரை முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். எல்லாப் பாடங்களையும் சேர்த்த கணக்கு இது. ஆனால் சமூகவியல், உளவியல், மானிடவியல் மாதிரிப் பாடங்களில் ஆள் நழுவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புரோகிராமிங் கோர்ஸ் என்றால் எதையாவது எழுதி ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும், தப்பாக இருந்தால் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். மனிதர்களைப் பற்றிய பாடத்தில் அப்படி எதுவும் இல்லை. வீடியோ ஓடும், நாம் தலையாட்டுவோம், 'இது தெரிந்ததுதானே' என்று தோன்றும், மூன்றாவது வாரம் விட்டுவிடுவோம்.

நானும் முதலில் ஒரே நேரத்தில் ஐந்து கோர்ஸில் சேர்ந்து எதையும் முடிக்காமல் விட்டவன். அப்புறம் முறையை மாற்றிக்கொண்டேன்: படிக்கும் நேரத்தில் பாதிதான் திரைக்கு, மீதிப் பாதி வெளியே போய் மனிதர்களைப் பார்த்து எழுதுவதற்கு. இந்தப் பாடங்களுக்கு ஆய்வுக்கூடம் வெளியேதான் இருக்கிறது. கீழே சொல்லியிருப்பது எல்லாமே அந்த ஒரு மாற்றத்தை ஒட்டியதுதான்.

படி 1: தளத்துக்குப் போகுமுன் ஒரு கேள்வி

'சமூகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்' என்பது ஆசை, கேள்வி இல்லை. உங்களை நிஜமாகவே உறுத்துகிற ஒன்றை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். தனியாகப் பேசும்போது நியாயமாக இருக்கிற மனிதர் கூட்டத்தில் சேர்ந்ததும் ஏன் வேறு மாதிரி ஆகிவிடுகிறார்? ஒரே திறமை உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வேலை சீக்கிரம் கிடைக்கிறது? சாவு வீட்டில் அழுவது துக்கமா, கடமையா, இரண்டுமா?

கேள்வி கிடைத்துவிட்டால் எந்தத் துறை என்பதை அதுவே காட்டிவிடும். முதல் கேள்வி சமூக உளவியல். இரண்டாவது சமூகவியல், கொஞ்சம் பொருளாதாரம். மூன்றாவது மானிடவியல். பணமும் வறுமையும் உங்கள் கேள்வி என்றால் வளர்ச்சிப் பொருளாதாரம். எது சரி, எது தவறு என்பது கேள்வியானால் அரசியல் தத்துவம்.

வேலை பற்றிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், 'அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?' என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த சேதி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், தூரத்துப் பழக்கம்தான் புதுச் சேதி கொண்டுவரும் என்பது அவர் விளக்கம். வேலைக் கேள்வியோடு வந்த ஒருவருக்கு இந்தப் பாடம் நேரே உள்ளே இறங்கும். கேள்வி இல்லாமல் வந்தவருக்கு மூன்று எண்கள் மட்டும் கண்ணில் பட்டு மறந்துபோகும்.

படி 2: எங்கே கிடைக்கும், எது உண்மையிலேயே இலவசம்

இலவசத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கதவே இல்லாத வீடு. மற்றது, வாசல் வரை இலவசம்.

முதல் வகையில் பழையது எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேர், 2001-ல் அறிவித்தார்கள். பாடத்திட்டம், வாசிக்க வேண்டிய பட்டியல், வீட்டுப்பாடம் எல்லாம் அப்படியே கிடக்கும், பெயர் பதிவுகூட வேண்டாம். மானிடவியல் துறையின் பாடங்களும் அங்கே உண்டு, ஆனால் பலவற்றுக்கு வீடியோ இருக்காது. 2007-ல் வந்த ஓப்பன் யேல் கோர்ஸஸில் முழு வகுப்பும் வீடியோவாக, ஆடியோவாக, பேசியதன் எழுத்து வடிவமாக மூன்று விதத்திலும் கிடைக்கும். பால் புளூமின் உளவியல் அறிமுகம் 20 வகுப்பு. இவான் செலெனியின் நவீன சமூகக் கோட்பாடு 25 வகுப்பு, ஹாப்ஸ் என்ற சிந்தனையாளரில் தொடங்கி மார்க்ஸ், ஃபிராய்ட், வெபர் வழியாக டர்க்கைமில் முடியும். ராபர்ட் சபோல்ஸ்கி ஸ்டான்ஃபோர்டில் 2010-ல் எடுத்த மனித நடத்தையின் உயிரியல், 25 வகுப்பு, யூடியூபில் இருக்கிறது. பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டி 2006-ல் தொடங்கிய ஓப்பன்லேர்னில் சிறு சிறு பாடங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். தொடர்ந்து படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது வகையில் கோர்செரா, எட்எக்ஸ் (இரண்டும் 2012-ல் வந்தவை), ஃபியூச்சர்லேர்ன். இங்கே ஒவ்வொரு கோர்ஸுக்கும் விதி மாறும். எட்எக்ஸில் 'ஆடிட்' வழியில் சேர்ந்தால் பாடம் இலவசம், ஆனால் அதைத் திறந்து பார்க்க நாள் கணக்கு உண்டு, மதிப்பெண் போடும் தேர்வுகள் பூட்டியிருக்கும். கோர்செராவில் சில கோர்ஸ் முழுக்கத் திறந்திருக்கும், சிலவற்றில் முதல் பகுதி மட்டும்தான். ஃபியூச்சர்லேர்னிலும் இலவசத்துக்குக் காலக்கெடு உண்டு.

கவனமாக இருக்க வேண்டிய இடம் சேரும் பொத்தான். '7 நாள் இலவசம்' என்று பெரிதாக இருப்பது சோதனைக் காலம். கார்டு எண் கேட்கும், நாம் மறந்தால் எட்டாம் நாள் பணம் எடுத்துவிடும். இலவச வழி என்று ஒன்று அந்தக் கோர்ஸுக்கு இருந்தால், அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு ஓரமாக இருக்கும். கார்டு எண் கேட்டாலே பின்வாங்கி வந்து அந்தச் சின்ன எழுத்தைத் தேடுங்கள். சான்றிதழ் கட்டாயம் வேண்டும், பணம் கட்ட முடியாது என்றால் கோர்செராவில் பல கோர்ஸ்களுக்கு நிதி உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்பார்கள், படி 1-ல் எழுதிய வாக்கியம் அங்கே அப்படியே உதவும்.

படி 3: பதிவு செய்த ஆண்டைப் பாருங்கள்

கோர்ஸ் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திர மதிப்பீட்டைப் பார்க்கிறோம், பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கிறோம். எந்த ஆண்டில் எடுத்த வகுப்பு என்று மட்டும் பார்ப்பதில்லை. மனிதர்களைப் பற்றிய பாடத்தில் இதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்தத் துறைகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் தங்களைத் தாங்களே கடுமையாக விசாரித்துக்கொண்டன.

2010-ல் ஜோசப் ஹென்ரிக்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரையில் ஒரு கணக்கை எடுத்து முன்னால் வைத்தார்கள். உளவியலின் முன்னணி இதழ்களில் வந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்திய தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள், அந்த நாடுகளில் இருப்பதோ உலக மக்களில் 12 சதவீதம். அதாவது 'மனித மனம் இப்படித்தான்' என்று புத்தகத்தில் இருந்தது, உலகத்தின் ஒரு சிறு பகுதியின் மனம். அப்புறம் 2015-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'விளைவு இருக்கிறது, அது வெறும் தற்செயல் இல்லை' என்று சொன்னவை. திரும்பச் செய்தபோது அப்படி வந்தவை 36 சதவீதம்.

புளூமின் வகுப்பு 2007-ல் எடுத்தது. இரண்டுக்கும் முந்தியது. அதனால் அது கெட்ட கோர்ஸ் ஆகிவிடாது, நான் இன்றும் மற்றவர்களுக்குச் சொல்கிற முதல் கோர்ஸ் அதுதான். ஆனால் அதில் வரும் ஒவ்வொரு சோதனையின் பெயரையும் குறித்துவைத்து, பின்னால் அதற்கு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்க்க வேண்டும். 1971-ல் நடந்த ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனை நல்ல உதாரணம். இரண்டு வாரம் என்று திட்டமிட்டது ஆறே நாளில் நிறுத்தப்பட்டது, 'பதவி கொடுத்தால் சாதாரண மனிதனும் கொடூரமாவான்' என்பதற்கு அதையே பல காலம் சாட்சியாகச் சொன்னார்கள். காவலர்களாக இருந்தவர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே வழிகாட்டப்பட்டதைப் பின்னாளில் வெளிவந்த பதிவுகள் காட்டின. பழைய கோர்ஸ் முதல் பாதியை மட்டும் சொல்லும்.

மீதியைச் சட்டென்று பார்த்துவிடலாம். பாடத்திட்டத்தைத் திறந்து ஒவ்வொரு வாரத் தலைப்பையும் படியுங்கள், அதில் பாதியாவது உங்கள் கேள்வியைத் தொட வேண்டும். முதல் வகுப்பில் பத்து நிமிடம் ஆசிரியரின் குரலைக் கேளுங்கள், ஒட்டவில்லை என்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வெளியே போய்ச் செய்யும் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்காட் பிளௌஸ் (Scott Plous) என்ற உளவியல் பேராசிரியர் கோர்செராவில் நடத்திய சமூக உளவியல் கோர்ஸில், 24 மணி நேரம் முடிந்த அளவு கருணையோடு வாழ்ந்து பார்த்து, அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு பணி இருந்தது. அந்த மாதிரிப் பணி உள்ள கோர்ஸ் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள்.

படி 4: ஒரே ஒரு கோர்ஸ், வாரம் நான்கு மணி நேரம்

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரம் வகுப்பு, ஒரு மணி நேரம் வெளியே, ஒரு மணி நேரம் எழுத. கோர்ஸ் பக்கத்தில் 'வாரம் இரண்டு மணி நேரம்' என்று போட்டிருந்தால் அது திரைக்கு மட்டும் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் இரட்டிப்பாகப் பிடிக்க முயலாதீர்கள், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், உங்களை யாரும் துரத்தவில்லை.

படி 5: பார்க்கும் விதம்

பெரும்பாலான நல்ல கோர்ஸ்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் முதலில் எழுத்து வடிவத்தைப் படித்துவிட்டு அப்புறம் வீடியோவைப் பாருங்கள், வேகத்தை 0.75-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வெட்கப்படவே வேண்டாம், மெதுவாகப் பார்க்கிறவர்தான் கூடுதலாக யோசிக்கிறார்.

ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று கலைச்சொற்களை மட்டும் எடுங்கள். அகராதி மொழிபெயர்ப்பை எழுதாமல், வீட்டில் பேசுகிற தமிழில் அது என்ன என்று எழுதுங்கள். ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 'ஜெனரலைஸ்டு அதர்' என்று ஒன்றைச் சொன்னார். குறிப்பிட்ட யாரும் இல்லாமல், ஆனால் எப்போதும் நம் தலைக்குள் இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் சமூகம். நான் இதை ஆங்கிலத்தில் மூன்று தடவை படித்தும் பிடிபடவில்லை. பிறகு ஒருநாள் சட்டென்று விளங்கியது: இது நம் 'நாலு பேர்' இல்லையா! நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள், நாலு பேர் மெச்ச வாழ வேண்டும் என்று சொல்கிறோமே, அந்த நாலு பேருக்குப் பெயரோ முகமோ இல்லை, எண்ணிப் பார்த்தால் நாலு பேராகவும் இருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் அந்தச் சொல் மறக்கவே இல்லை. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் சொன்ன 'சிவில் இனட்டென்ஷன்', முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் ஒரு கணம் பார்த்துவிட்டு உடனே பார்வையைத் திருப்பிக்கொள்வது, அதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது: கண்டும் காணாமல் இருத்தல். இப்படித் தமிழில் இணை கிடைத்தால் கருத்து உங்களுடையதாகிவிடும். கிடைக்காவிட்டால் ஏன் இல்லை என்று யோசிப்பதும் பாடம்தான்.

படி 6: வெளியே போங்கள்

இதுதான் மையம், இதற்கு நேரம் கொடுங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, இருபது நிமிடம், மனிதர்கள் சும்மா இருக்கிற ஏதாவது ஓர் இடம். காத்திருப்பு அறை, ரயில் நிலையம், லிஃப்ட் வாசல், வரிசை. நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். வலது பக்கம் நீங்கள் நினைத்தது.

கேட்கச் சுலபமாக இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும். 'அவர் திமிராக உட்கார்ந்திருந்தார்' என்று கை தானாக இடது பக்கத்தில் எழுதிவிடும். திமிர் கண்ணுக்குத் தெரியாது. கால் மேல் கால் போட்டிருந்தார், பையைப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தார், ஆள் வந்தபோதும் பையை எடுக்கவில்லை, இவைதான் தெரிந்தவை. திமிர் என்பது வலது பக்கத்துக்குப் போக வேண்டிய சொல். இந்தக் கோட்டைத் தாண்டாமல் ஒரு பக்கம் எழுதப் பழகிக்கொண்டாலே பாதி மானிடவியல் கைக்கு வந்துவிட்டது என்பேன்.

என் நோட்டிலிருந்து ஒரு துண்டு, ஒரு காத்திருப்பு அறையில் எழுதியது, இடது பக்கம்:

"பெரியவர் எழுந்து வெளியே போகிறார். போகும்போது மூக்குக் கண்ணாடிக் கூட்டை நாற்காலியில் வைக்கிறார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நின்றுகொண்டிருப்பவர்கள் மூன்று பேர். ஐந்து நிமிடம், யாரும் உட்காரவில்லை. புதிதாக வந்த பெண் நாற்காலியைப் பார்க்கிறார், கூட்டைப் பார்க்கிறார், சுற்றிப் பார்க்கிறார். கூட்டை எடுக்கக் கை நீட்டுகிறார். பக்கத்து நாற்காலிக்காரர், 'ஆள் இருக்கு.' பெண் கையை இழுத்துக்கொள்கிறார். பதினோராவது நிமிடம் பெரியவர் திரும்பி வந்து உட்காருகிறார். பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்க்கவே இல்லை."

அந்த வாரத்துப் பாடம் சமூக நெறிகள், அதாவது எழுதப்படாத விதிகள். வகுப்பில் கேட்டபோது எல்லாம் தெரிந்த மாதிரித்தான் இருந்தது. இந்தத் துண்டை எழுதிய பிறகு வலது பக்கத்தில் கேள்விகள் தாங்கவில்லை. ஒரு சின்னக் கூடு எப்படி ஓர் ஆளின் உரிமையைப் பதினோரு நிமிடம் காத்தது? கூட்டுக்குப் பதில் ஒரு கசங்கிய காகிதம் இருந்திருந்தால்? பெரியவருக்குச் சொந்தமும் இல்லாத, பழக்கமும் இல்லாத ஒருவர் ஏன் காவல் காத்தார், அதில் அவருக்கு என்ன லாபம்? பெரியவர் நன்றிகூடச் சொல்லாமல் உட்கார்ந்தது ஏன் யாருக்கும் தப்பாகப் படவில்லை? அடுத்த வகுப்பைப் பார்க்க உட்கார்ந்தபோது இந்தக் கேள்விகளோடுதான் உட்கார்ந்தேன், முந்தைய வாரம் கேட்ட அதே மாதிரியான பேச்சில் இப்போது பதில்கள் இருந்தன.

இரண்டு கட்டுப்பாடுகள், இவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பெயர், முகவரி, அடையாளம் காட்டும் எதையும் எழுதாதீர்கள், படம் எடுக்காதீர்கள், ஒலிப்பதிவு செய்யாதீர்கள். யாரையாவது தனியாகப் பேட்டி காண நினைத்தால் எதற்கு என்று சொல்லி, சம்மதம் கேட்டு, வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். அவர்கள் நமக்குச் சோதனைப் பொருள் அல்ல. 1961-ல் ஸ்டான்லி மில்கிராம் யேலில் தொடங்கிய சோதனையில் 40 பேரில் 26 பேர், சோதனை நடத்தியவர் சொல்லச் சொல்ல, மறுமுனையில் இருப்பவருக்கு நிஜமாகவே மின் அதிர்ச்சி கொடுக்கிறோம் என்று நம்பிக்கொண்டே 450 வோல்ட் வரை போனார்கள். கீழ்ப்படிதலைப் பற்றிய பாடமாக இதைச் சொல்வார்கள். அந்த அறையில் வியர்த்து நடுங்கியபடி உட்கார்ந்திருந்த அந்த 40 பேருக்குச் செய்தது சரியா என்ற கேள்வியும் அதே பாடத்தில்தான் வர வேண்டும், உங்கள் கோர்ஸ் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

படி 7: கண்ணுக்கு எட்டாததை எண்களில் பாருங்கள்

இருபது நிமிடம் ஓர் அறையைப் பார்த்து உலகத்தைப் பற்றி முடிவு கட்ட முடியாது. அதற்கு எண்கள் வேண்டும். வேர்ல்டு வேல்யூஸ் சர்வே 1981 முதல் பல நாடுகளில் மக்களிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டு வருகிறது. 'பெரும்பாலானவர்களை நம்பலாமா, எச்சரிக்கையாக இருக்க வேண்டுமா' என்ற கேள்வியை அதன் தளத்தில் தேடி, இரண்டு நாடுகளின் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'அவர் வேர்ல்டு இன் டேட்டா' (Our World in Data), கேப்மைண்டர் என்ற இரண்டு தளங்களும் எண்களை வரைபடமாகவே காட்டிவிடும், பணம் இல்லை. வறுமையைப் பற்றி என்றால் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் (2019 பொருளாதார நோபலைப் பகிர்ந்தவர்கள்) எம்.ஐ.டி.யில் எடுத்த பாடத்தைத் தேடுங்கள், எண்ணையும் மனிதனையும் ஒரே வகுப்பில் எப்படிச் சேர்த்துப் பேசுவது என்று அதில் தெரியும். கோர்ஸில் ஏதாவது புரியாமல் போனால் ஓப்பன்ஸ்டாக்ஸின் இலவச சமூகவியல், உளவியல் பாடநூல்களில் அந்த அத்தியாயத்தை மட்டும் படியுங்கள்.

படி 8: முடிக்கும்போது

கடைசி வகுப்பு முடிந்ததும் சான்றிதழ் பக்கத்தைத் திறக்காமல், படி 1-ல் எழுதிய கேள்வியைத் திறங்கள். அதற்கு இப்போது உங்கள் பதில் என்ன என்று இரண்டு பக்கம் எழுதுங்கள், தமிழில், கோர்ஸே பார்க்காத ஒருவருக்குப் புரிகிற மாதிரி. குறைந்தது மூன்று இடங்களில் உங்கள் நோட்டிலிருந்து ஏதாவது வர வேண்டும். ஓரிடத்திலாவது ஆசிரியர் சொன்னதோடு நீங்கள் பார்த்தது ஒத்துப்போகவில்லை என்று எழுத வேண்டும், தேடினால் நிச்சயம் இருக்கும். அதை ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் குறுக்கே கேட்கிற முதல் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கோர்ஸை அந்தக் கேள்வியை வைத்துத் தேடலாம்.